மணல் பையும் பெட்டி நாடாவும்

றோஸ்மலரின் குளிர்க் கோட்டுக்கு ஜிப் பூட்டிவிடுவது மூன்று வருடங்களாகச் சூசைதாசனின் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் காலைப் பூசை முடிந்து, வீட்டில் சாப்பிட்டு, மறுபடி புறப்பட்டபோது அவன் வாசலில் குனிந்து நின்றான்.

"நாடியை நிமித்தும். கழுத்துத் தோல் கொழுவிப் போடும்."

"கெதியாப் பூட்டுங்கோ. எதிர்வீட்டுச் சுசிலா யன்னலாலை பாக்கிறா."

"பாக்கட்டும். என்ரை மனிசிக்குத்தானே பூட்டிறன், அவவுக்கே பூட்டிறன்?"

றோஸ்மலர் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரை போகவில்லை. ஈஸ்ட் ஹாமில் ஒரு புடவைக்கடையின் பின்னறையில் இருபது வருடம் தையல் இயந்திரத்தின் முன் இருந்தவள் அவள். ஒரு நாளைக்குப் பத்து ஜிப்பாவது கழற்றி மாற்றியிருப்பாள். பாரிசவாதம் வந்த அன்றும் ஒரு பள்ளிப்பிள்ளையின் கோட்டுக்கு ஜிப் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். துணி இடது கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவளுக்குக் கையே தன்னுடையதாக இல்லை.

உயிர் தப்பியது. கால் திரும்பி வந்தது, பேச்சும் வந்தது. இடது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. விரல்கள் அசையும், பிடிக்காது. பிடித்தாலும் நடுங்கும். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே தனியாக நடந்தது. பஸ்சில் தனி இருக்கை, விருந்தில் வெட்டித் தந்த இறைச்சி, கோயில் ஒன்றுகூடலில் ஓரத்துக் கதிரை. அன்பாகத்தான் தந்தார்கள். அந்த அன்புதான் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றது.

ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி வகுப்புச் சுவரில்தான் அந்த அறிவித்தலைக் கண்டாள். மேசையில் இருந்தபடி காற்றுத் துப்பாக்கி சுடும் கழகம். துப்பாக்கியைத் தோள் சுமக்க வேண்டியதில்லை. முன்னால் ஒரு தாங்கி, பின்னால் ஒரு மணல் பை. இரண்டின்மேலும் அது படுத்திருக்கும். சுடுபவருக்குக் கண்ணும் பொறுமையும் ஒரு விரலும் போதும். ஊசிக்கண்ணில் நூல் கோத்த கண் அவளுடையது.

"துவக்கோ?" என்று அலறினான் சூசைதாசன். "அந்தச் சாமானுக்குப் பயந்துதானே மன்னாரிலையிருந்து ஓடி வந்தனாங்கள்! இஞ்சை வந்து நீர் அதைக் காசு குடுத்துச் சுடப் போறீரோ?"

"அது வேறை துவக்கு. இது கடதாசியைத்தான் சுடும்."

ஒரு கிழமை அவன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பிறகு, மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டாத நாட்களில் அவனே கூட்டிக்கொண்டு போனான். அவள் எங்கே போனாலும் அவன் போவான். அது அவனுடைய குணம்.

இன்று கழகத்தின் குளிர்காலப் போட்டி. உபகரணப் பரிசோதனையில் தேறினால், றோஸ்மலரின் பெயர் எல்லாருடைய பெயரோடும் ஒரே பட்டியலில் வரும். மூன்று வருடத்தில் அவள் ஆசைப்பட்ட ஒரே விடயம் அதுதான்.

விதிப் புத்தகத்தில் முதல் பக்கமே எடை. தொலைநோக்கியோடு சேர்த்துத் துப்பாக்கி நாலே முக்கால் கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கணவனும் மனைவியும் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள். அவர்கள் அறிந்த பரிசோதனை விமான நிலையப் பரிசோதனைதான். எடை சரியென்றால் எல்லாம் சரி. ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற தொங்குதராசில் துப்பாக்கியைக் கொழுவி நாலு தரம் நிறுத்தார்கள்.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அவள் வலது கையால் குண்டு போடுவதற்குள் பின் பை மெல்ல நழுவியது. அதற்கும் சூசைதாசன் வழி கண்டுபிடித்தான். முதன்முதலாக லண்டனுக்கு வந்தபோது அவனுடைய பெட்டியைச் சுற்றிக் கட்டியிருந்த நீல நாடா. அந்தப் பெட்டியோடுதான் அகதிப் பதிவுக்காகக் குரோய்டனில் விடிய விடிய வரிசையில் நின்றான். பெட்டி உடைந்து போய்விட்டது. நாடாவை அவன் எறியவில்லை.

"இதாலை பையையும் தாங்கியையும் சேத்துக் கட்டி விடும். அது எங்கை போகப் போகுது?"

ஒற்றைக் கையால் நாலு பின்னேரம் தைத்தாள். கல்லுப் போல நின்றது பை.

கழகம் ரயில் பாதையைத் தாங்கும் கல் வளைவு ஒன்றின் கீழ் இருந்தது. வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார் குகநாதன். ரயில்வேயில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கழகத்தின் உபகரணப் பரிசோதகர். தன் சொந்த மைத்துனனையே ஒரு திருகாணிக்காகத் திருப்பி அனுப்பியவர் என்று பெயர் எடுத்தவர்.

"வாங்கோ தங்கச்சி. துவக்கை வையுங்கோ."

தராசு நாலு கிலோ அறுநூறு காட்டியது.

"பாத்தீங்களே!" என்றான் சூசைதாசன். "எயார்ப்போட்டிலையே எங்களை ஒருத்தரும் பிடிச்சதில்லை, அண்ணை."

குகநாதன் சிரிக்கவில்லை. நீல நாடாவை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன?"

"பை நழுவாமல் இருக்க, அண்ணை," என்றாள் றோஸ்மலர்.

அவர் புத்தகத்தில் ஆறாம் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். முன் தாங்கியும் பின் பையும் எந்த வகையிலும் ஒன்றோடொன்று இணைக்கப்படக் கூடாது. இரண்டு வரிதான். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"ஒரு சின்ன நாடாதானே, அண்ணை," என்று இழுத்தான் சூசைதாசன்.

"நாடாவோ சங்கிலியோ, ஒண்டுதான். ரெண்டையும் கட்டினா துவக்கு ஒவ்வொரு முறையும் தானா அதே இடத்திலை வந்து நிக்கும். பிறகு சுடுறது நீங்கள் இல்லை, மேசை." அவர் குரல் தணிந்தது. "ஆனா ஒரு வழி இருக்கு. சலுகைப் படிவம் ஒண்டு நிரப்பித் தாங்கோ. நாடாவோடையே சுடலாம். பெயர் மற்றப் பட்டியலிலை வரும், அவ்வளவுதான்."

மற்றப் பட்டியல்!

அந்த இரண்டு சொல்லும் அவள் நெஞ்சில் விழுந்த சத்தம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. இங்கேயுமா ஓரத்துக் கதிரை?

"பிறகென்ன, நிரப்பும்," என்று பேனாவை எடுத்தான் சூசைதாசன். "கை ஏலாதெண்டு எல்லாருக்கும் தெரியும்தானே."

அவள் அவனைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு, அண்ணை?"

"பதினைஞ்சு நிமிசம்."

"இஞ்சாருங்கோ, என்ரை கைப்பையைத் திறவுங்கோ. தையல் பிரிக்கிற கொக்கி கிடக்கும்."

"நாடாவைக் கழட்டினால் பையை ஆர் பிடிக்கிறது?"

"நான்."

"எந்தக் கையாலை?"

அவள் கைப்பைக்குள் கொக்கியைத் தேடி எடுத்தாள். அவன் முகம் விழுந்துவிட்டது. அவனுடைய நாடா அது. அவளுக்காக அவன் பார்த்துப் பார்த்துச் செய்த காரியம். இருந்தும் மணல் பையை எடுத்து மடியில் வைத்து, அவளுக்கு வசதியாக இழுத்துப் பிடித்தான். அவள் ஒவ்வொரு தையலாக அறுத்தாள்.

"சனியன் பிடிச்ச தையல்," என்று முணுமுணுத்தாள். "ஆர் இப்பிடி இறுக்கித் தைச்சது?"

"ஈஸ்ட் ஹாமிலை ஒரு தையல்காரி. வாடிக்கைக்காரர் புகழுவினம்."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி நூல் அறுந்தது. சூசைதாசன் நாடாவைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள், செபமாலையோடு வைத்துக்கொண்டான்.

குகநாதன் பையையும் தாங்கியையும் தனித்தனியே தூக்கிப் பார்த்தார். "இப்ப சரி," என்று பச்சைச் சீட்டு ஒட்டினார்.

மேசைகளில் பதினாலு பேர். தூரத்தில் ஒரு மட்டையில் இருபத்தைந்து சின்ன வட்டங்கள், நடுவில் பட்டால் பத்துப் புள்ளி; இருபது நிமிடம். றோஸ்மலர் வலது கையால் இடது கையைத் தூக்கிப் பையின்மேல் வைத்தாள், பிறருடைய பொருளை வைப்பது போல.

அது நடுங்கியது. தொலைநோக்கிக்குள் தெரிந்த சிலுவைக் கோடும் சேர்ந்து நடுங்கியது. முதல் சூடு வட்டத்தின் ஓரத்தில். இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதற்குமுன் பை நழுவியது. பார்வையாளர் பக்கக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் சூசைதாசன் எழும்பி நின்றுவிட்டான்.

'இறுக்கிப் பிடி, இறுக்கிப் பிடி' என்று கையோடு சண்டை பிடித்தாள். இறுக்க இறுக்க நடுக்கம் கூடியது. சோர்ந்து போய் விட்டுவிட்டாள். விரல்கள் தளர்ந்து பையின் துணிமேல் கிடந்தன.

அப்போதுதான் அந்தத் துணி அவள் விரலுக்குத் தெரிந்தது.

அவளே தெரிந்தெடுத்த துணி. மிஞ்சிப்போன வெல்வெட். கடையில் வலது கை கத்தரியில் இருக்கும். துணியின் தரம் பார்ப்பது எப்போதும் இடது கைதான். பட்டா, கலப்பா என்று பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு சின்னத் தடவல். அதற்குப் பலம் வேண்டியதில்லை. அவள் வெல்வெட்டை அப்படித் தொட்டாள். பைக்குள் மணல் ஒரு மயிரளவு அசைந்தது. துப்பாக்கியின் பின்பக்கம் அவ்வளவே உயர, சிலுவைக் கோடு இறங்கி வட்டத்தின் நடுவில் வந்து நின்றது.

சுட்டாள். பத்து!

அதற்குப் பிறகு எல்லாமே பத்து ஆகவில்லை. கை களைத்தது, எட்டும் வந்தது, ஏழும் வந்தது. கடைசி வட்டத்துக்கு ஒரு நிமிடம் இருக்கையில் தலைக்குமேல் ரயில் வந்தது. சுவரே அதிர்ந்தது. அவள் அவசரப்படவில்லை. ரயில் போய், மேசை அடங்கி, விரல் துணியைத் தொடும்வரை காத்திருந்து சுட்டாள். ஒன்பது.

குகநாதன் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். சூசைதாசன் மேலிருந்து தேடிக்கொண்டு வந்தான். தேடி முடியவில்லை.

"பதினோராவது," என்றாள் றோஸ்மலர். "இருநூற்றிப் பதினெட்டு."

"பதினாலு பேரிலையோ?"

"ஓம். மூண்டு பேர் எனக்குப் பின்னாலை நிக்கினம். அவைக்கு ரெண்டு கையும் சுகம்."

குகநாதன் முதன்முறையாகச் சிரித்தார். "வாற மாசம் பையை இன்னும் கொஞ்சம் நிரப்பிக்கொண்டு வாங்கோ, தங்கச்சி. மணல் காணாது."

"ஆறாம் பக்கத்துக்குப் பிறகு என்னென்ன கிடக்கு, அண்ணை?"

"இன்னும் முப்பது பக்கம்."

"புத்தகத்தைத் தாங்கோ. முழுக்க வாசிக்கிறன்."

வெளியே குளிர் கன்னத்தில் அறைந்தது. சூசைதாசன் வழக்கம்போல அவளுக்கு முன்னால் வந்து குனிந்தான்.

"விடுங்கோ," என்றாள்.

அவன் கை அப்படியே நின்றது. அவள் இடது கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கோட்டின் அடி நுனியைத் தொட்டாள், பிடிக்கவில்லை, தொட்டாள். வலது கையால் ஜிப்பைக் கொழுவினாள். நழுவியது. மறுபடி கொழுவினாள். நழுவியது. பின்னால் கார் ஒன்று ஹோர்ன் அடித்தது. "பொறடா!" என்று தமிழிலேயே கத்தினான் சூசைதாசன்.

மூன்றாம் முறை ஜிப்பின் பல்லோடு பல் கடித்தது. அவள் ஜிப்பை மேலே இழுத்தாள். நாடி வரைக்கும்.

சூசைதாசன் நிமிர்ந்தான். இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல், காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு அவளோடு நடந்தான்.