துடியலூர் வீட்டு ரெகுலேட்டர்

1. போன்

“ஏனுங்க தம்பி, எங்கூட்டு அடுப்பு யாரும் இல்லாதப்ப தானா டிக் டிக்குன்னு அடிச்சுக்குதுங்க. வந்து பாக்கறீங்களா?”

துடியலூரிலிருந்து சாவித்திரி அக்கா போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். அவர் வீட்டில் இருந்தது ஹாப். கிரானைட் மேடையை வெட்டி, உள்ளே இறக்கிப் பொருத்தும் கண்ணாடி அடுப்பு. கடையில் பார்த்து வாங்கி, ஆள் வைத்து மாட்டியவர் அவருடைய கணவர். மாட்டிய சில மாதங்களில் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா தனியாக இருந்தார்.

தானாக ஸ்பார்க் அடிப்பது எங்கள் அடுப்பு ரிப்பேர் வேலையில் சாதாரணப் புகார். ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கும்போது திருகின் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும். அடியில் இருக்கும் சுவிட்ச் கெட்டுவிடும். அப்புறம் அது நினைத்த நேரத்துக்கு அடிக்கும். சுவிட்சை மாற்றினால் முடிந்தது. அந்த நினைப்பில்தான் பைக்கை எடுத்தேன்.

2. மூடியிருந்தது

மத்தியானம்தான், ஆனால் மலைப்பக்கம் மழை கட்டி நின்றதில் வீட்டுக்குள் வெளிச்சமே இல்லை. அக்கா சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லை.

“சத்தங்கூடப் பரவால்லீங்க தம்பி. நான் சிலிண்டரத் தொறந்து வெச்சுப்போட்டு இந்தப் பக்கம் வந்தா, மறுக்காப் போறப்ப மூடியிருக்குதுங்க.”

“மறந்து நீங்களே மூடியிருப்பீங்கக்கா.”

“ஒரு நாள்னா மறதிங்க.”

மேடைக்குக் கீழே மரக் கதவைத் திறந்தேன். சிலிண்டர் அதற்குள்தான் இருந்தது. ரெகுலேட்டர் மூடியிருந்தது. திறந்துவிட்டு, மேலே ஒரு பர்னரைப் பற்றவைத்துப் பார்த்தேன். நீல நிறத்தில் ஒழுங்காக எரிந்தது. திருகை மட்டும் மூடி, ரெகுலேட்டரைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கீழ்க் கதவைச் சாத்தினேன். எப்போது எப்போது சத்தம் வருகிறது என்று கேட்கலாம் என ஹாலுக்கு வந்தேன். அக்கா எனக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“சமைக்கறப்ப கேஸ் வாடை ஏதாச்சும் வருதுங்களாக்கா?”

“எனக்கு வாசனையே தெரியறதில்லீங்க தம்பி. ஒருக்கா காய்ச்சல்ல போனது, அப்பறம் வரவே இல்ல. ரசம் தீஞ்சாக்கூடத் தெரியாதுங்க.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, சமையலறையில் சத்தம் ஆரம்பித்தது. டிக். டிக். டிக்டிக்டிக். விரல் வைத்துத் திருகை யாரோ அழுத்திப் பிடித்திருப்பதுபோல விடாமல் அடித்தது. அக்கா தலையைத் திருப்பவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து ஓடினேன். ஆளில்லாத அடுப்பின் மேல் எல்லாப் பர்னரிலும் பொறி பறந்துகொண்டிருந்தது. கீழ்க் கதவைத் திறந்ததும் கேஸ் வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. சிலிண்டர் பக்கம் கையை நீட்டினேன்.

ரெகுலேட்டர் மூடியிருந்தது.

என் கையால் திறந்து வைத்தது. எங்கள் இருவரைத் தவிர வீட்டில் யாரும் இல்லை, அக்கா என் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. பொறி அடிக்க வைக்கும் பேட்டரியைப் பிடுங்கினேன், சத்தம் நின்றது. ஜன்னல்களைத் திறந்தேன்.

“அக்கா, சுவிட்ச் எதையும் தொடாதீங்க! வாசலுக்குப் போங்க!” என்று கத்தினேன்.

3. ஓஸ்

வாடை அடங்கிய பிறகு சிலிண்டரைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் பார்த்தேன். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயான ஓஸ், அலமாரிப் பலகையில் போட்ட ஓட்டை வழியாக மேலே போயிருந்தது. ஓட்டையின் விளிம்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். ஒவ்வொரு முறை சிலிண்டரை இழுத்துத் தள்ளும்போதும் அந்த விளிம்பு ஓஸை அறுத்திருக்கிறது. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்ததெல்லாம் மூடிய அலமாரிக்குள் தங்கும். அதற்கு மேலே, நினைத்தபோது பொறி கக்கும் அடுப்பு. ரெகுலேட்டர் திறந்தே இருந்திருந்தால் கசிவு நிற்காமல் சேர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

அக்காவிடம் கிழிந்த ஓஸைக் காட்டினேன். வெகு நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தார்.

“அவரு பம்ப் கம்பெனியில ஃபிட்டருங்க. அடுப்ப அணைச்சதும் கீழ குனிஞ்சு ரெகுலேட்டர மூடோணும் அவருக்கு. நான் மூடமாட்டேன், அதுக்கு எங்க ரெண்டு பேருக்கும் தெனமும் சண்டைங்க.”

ஓஸை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“இதச் சரி பண்ணிப்போட்டா அவரு வரமாட்டாருங்களா தம்பி?”

ஹாப்பை மேலே தூக்கி எடுத்து, சுவிட்சை மாற்றி, ஓட்டை விளிம்பைத் தேய்த்து ரப்பர் வளையம் போட்டு, புது ஓஸ் மாட்டினேன். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியை மறுபடி இறக்கினேன். அந்த வேலை முழுக்க என் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று கவனிப்பதுபோலவே இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்து ஒழுங்காகச் செய்தேன்.

4. அடுத்த சர்வீஸ்

அடுத்த வருடம் சர்வீஸுக்குப் போனபோது அக்கா காபி போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நின்றுதான் போட்டார்.

“சத்தம் வருதுங்களாக்கா?”

“இல்லீங்க. ரெகுலேட்டரும் நான் எப்படி வெச்சனோ அப்படியேதான் இருக்குது.” பாலை இறக்கினார். “மொதல் வாரம் பூரா வேணும்னே தொறந்தே போட்டு வெச்சுப் பாத்தனுங்க. யாரும் மூடல. அப்பறம் நானே மூட ஆரம்பிச்சுட்டேன்.”

சொல்லிவிட்டு, குனிந்து மூடினார்.

யார் மூடியது என்று என்னைக் கேட்காதீர்கள். ரெகுலேட்டர் திருகு தானாகத் திரும்பாது, அது மட்டும் தெரியும். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பார்க் தானாக அடிக்கிறது என்று கூப்பிட்டால், மேலே கை வைக்குமுன் கீழ்க் கதவைத் திறந்து மண்டியிட்டு மோந்து பாருங்கள். ஓஸ் எங்கே உரசுகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த வீட்டில் சமைப்பவர் நம்பமுடியாத ஏதாவது சொன்னால், சொல்லி முடிக்க விடுங்கள். அந்த அடுப்போடு தினமும் இருப்பவர் அவர்.