சுகுணா போட்ட சொல்

இலுப்பூரில் டைப்பிங் சென்டர் நடத்தும் சுகுணா பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவருடைய பழைய கம்ப்யூட்டரில் இருந்தது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள்.

மனு அடிக்க வந்த நாகராசு ஒருநாள் திரையைப் பார்த்து, "காப்பாற்றுன்னு போட்டிருக்கே, யாரையம்மா காப்பாத்தணும்?" என்று கேட்டார். ஆங்கில 'Save'-க்கு 'சேமி' என்று இருக்க வேண்டிய இடம் அது. சுகுணா சிரித்தார், ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த மென்பொருளைத் தமிழாக்கும் குழுவுக்கு எழுதினார். என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

யாரும் கேட்கவில்லை. "நீங்களே திருத்தி அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. அனுப்பினார். அடுத்த பதிப்பில் 'சேமி' வந்துவிட்டது. அன்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் திரையைக் காட்டி, "இது நான் போட்ட வார்த்தைங்க" என்றார்.