எழுதாத பக்கத்தில் போட்ட கையெழுத்து

எண்பதுகளின் கடைசியில், ஆவடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில், மதிய ஷிப்டில் பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. காலை ஷிப்ட் பிள்ளைகள் தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, கல்லூரிக்கு வருகிற மாதிரியே வருவார்கள். நாங்கள் இரண்டே முக்காலுக்கு வந்து விழுகிறவர்கள். ஒருத்தன் பெட்ரோல் பங்கிலிருந்து, ஒருத்தன் லேத்துப் பட்டறையிலிருந்து, ஒருத்தன் காலை முழுக்கப் பால் பாக்கெட் போட்டுவிட்டு. வகுப்பறை முழுக்க கிரீஸ் வாசனை, வியர்வை வாசனை, மூடியைத் திறக்க நேரமில்லாத சாப்பாட்டு டப்பாவின் வாசனை.

எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை. எந்த ஸ்டாப்பில் பஸ் ஏறுகிறோமோ அதுதான் பெயர். நான் பருத்திப்பட்டு. என் பக்கத்தில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுகிறவன் திருமழிசை. முன் பெஞ்சில் கதவோரம் உட்கார்கிறவள் மண்ணூர்பேட்டை. எங்களைவிட மூன்று வயது மூத்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வேலை. காலை ஆறு மணிக்கு உள்ளே போனால் மத்தியானம் இரண்டு மணிச் சங்குக்குத்தான் வெளியே வர முடியும். சங்கு ஊதியதும் பஸ்ஸுக்கு ஓடுவாள். பஸ்ஸிலிருந்து இறங்கிக் கல்லூரிக்கு ஓடுவாள். பல நாள் அவளுடைய வருகைப் பதிவுக்கான பதில் வராந்தாவிலிருந்துதான் வரும். அவள் எண்ணைச் சார் கூப்பிடுவதற்கும் அவள் கதவைத் தொடுவதற்கும் சரியாக இருக்கும். "யெஸ் சார்" என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வாள். வகுப்பே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

அதற்கு முந்தின வருடம் குடிதண்ணீருக்காக நடந்த ஸ்டிரைக்கில் எங்களுக்குத் தண்ணீர் கிடைத்ததோ இல்லையோ, ஒரு நாற்காலி கிடைத்தது. கல்லூரியின் முடிவுகளை எடுக்கும் குழுவில் இனிமேல் ஷிப்டுக்கு ஒரு மாணவர் பிரதிநிதி உட்காரலாம். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம். எங்கள் ஷிப்டின் முதல் பிரதிநிதியாக நான் நின்று ஜெயித்தேன். எனக்காக வகுப்பு வகுப்பாகப் போய் ஓட்டுக் கேட்டது மண்ணூர்பேட்டைதான்.

"நீ நல்லா எழுதுறே, நல்லா பேசுறே. ஒத்துக்கறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. எத வேணா உட்டுக் குடு, அந்த ரெண்டே முக்கால மட்டும் உட்டுடாத. அது போச்சுன்னா நானும் போயிடுவேன்" என்றாள்.

"மணியை எவன்க்கா மாத்தப் போறான்?" என்று சிரித்தேன். அப்போது எனக்குப் பெரிய பெரிய வார்த்தைகள்மேல் ஆசை. நீதி, உரிமை, விடியல். இரண்டே முக்கால் என்பது ஒரு வார்த்தையாகவே எனக்குத் தெரியவில்லை.

முதல் கூட்டத்துக்குப் புறப்பட்ட அன்றைக்குத் திருமழிசை தன் இங்க் பேனாவை என் சட்டைப் பையில் செருகினான். "மாமே, உள்ள போயி பயந்துகினு உக்காராத. நம்ம பக்கம் கேக்குறத கேளு. டீ குட்த்தா குடிச்சிட்டு வந்துடு" என்றான். டீ குடித்துவிட்டு வந்ததைத் தவிர அவன் சொன்னதில் வேறு எதையும் நான் செய்யவில்லை.

பிரின்சிபல் அறைக்கு அதுவரை திட்டு வாங்கத்தான் போயிருக்கிறேன். அன்றைக்குக் கைப்பிடி வைத்த நாற்காலியைக் காட்டி "உட்காருங்க" என்றார்கள். பூப்போட்ட கப்பில், சாசர் வைத்து டீ வந்தது. கூடவே ஒரு நீள நோட்டும் வந்தது. அங்கே ஒரு வழக்கம். கூட்டம் தொடங்கும் முன்பே எல்லோரும் அந்த நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருக்கும், கையெழுத்தெல்லாம் கீழே. கூட்டம் முடிந்தபிறகு ஹெட் கிளார்க் சாவகாசமாக மேலே தீர்மானங்களை எழுதி நிரப்புவார். யாரும் அதை ஒரு தப்பாக நினைக்கவில்லை. துறைத் தலைவர்கள் எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன். திருமழிசையின் பேனாவில், அடியில் இரண்டு கோடு இழுத்து, ரொம்ப அழகாக.

ஐந்தாவதோ ஆறாவதோ விஷயமாக அது வந்தது. மதிய ஷிப்டை முன்கூட்டியே ஆரம்பித்துவிடலாம், பேராசிரியர்கள் வீடு திரும்ப நேரமாகிவிடுகிறது, மாணவிகளும் இருட்டுவதற்குள் போய்விடலாம் என்று ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே போனார்கள். எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்தான். பலரிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்க வேண்டும் என்று நினைத்த அதே நொடியில் பிரின்சிபல் என் பக்கம் திரும்பி, "மாணவர் தரப்பில் ஆட்சேபணை ஏதும் உண்டா?" என்று கேட்டார். அத்தனை வழுக்கைத் தலைகளும் நரைத்த தலைகளும் என்னைப் பார்த்தன. என் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரியவர்கள் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அந்த மரியாதையைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

"நோ சார்" என்றேன்.

பத்து நாள் கழித்து அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். மதிய ஷிப்ட் இனி பன்னிரண்டே முக்காலுக்கு. கூட்டத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று கேட்டவர்களுக்கு லைப்ரரி, சைக்கிள் ஸ்டாண்டு என்று கதை அளந்திருந்தேன். இதைச் சொல்லவில்லை. பலகை முன்னால் நின்ற மண்ணூர்பேட்டை என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கூட்டத்துல இத பேசுனாங்களா?"

"அவங்களா முடிவு பண்ணிட்டாங்க" என்றேன்.

அவள் நேராக ஆபீசுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன், வேறு வழியில்லாமல். ஹெட் கிளார்க் நல்ல மனிதர். எதையும் மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நோட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து, கவுண்டர் மேல் வைத்தார். நான் போட்டபோது வெறுமையாக இருந்த மேல்பாதியில் இப்போது குண்டு குண்டான எழுத்து. மாணவர் பிரதிநிதி உட்பட அனைவரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டனர் என்று இருந்தது. கீழே, இரண்டு கோடு இழுத்து, நான்.

கம்பிக்குப் பூசுகிற வார்னிஷ் கறை படிந்த விரலை வைத்து ஒவ்வொரு வரியாக அவள் படித்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அழகா போட்டுக்கீற" என்றாள். அப்புறம் நோட்டை என் பக்கம் திருப்பி, "எம் பேரு இதுல எங்கயுமே இல்ல பாரேன். ஆனா நானும் ஒத்துக்கினேன்னு எழுதிக்கீது" என்றாள்.

மறுநாள் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் பன்னிரண்டு மணிக்கு விடச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "கம்பெனி இன்னா உங்க மாமியார் ஊடா, வேணும்போது வந்து வேணும்போது போறதுக்கு?" என்றானாம். அதையும் சிரித்துக்கொண்டே எங்களிடம் நடித்துக் காட்டினாள். பழையபடி இரண்டு மணிச் சங்குக்கு ஓடி வந்தாள். இப்போது அவள் கதவைத் தொடும்போது இரண்டு பாடவேளை முடிந்திருக்கும். "யெஸ் சார்" சொல்ல அங்கே யாரும் கூப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒன்றரை மாதம் அப்படி வந்தாள். வருகைப் பதிவு குறைவு என்று பலகையில் முதல் பட்டியல் ஒட்டினார்கள். அடுத்த வாரத்திலிருந்து கதவோர இடம் காலியாக இருந்தது.

எனக்குத் தூக்கம் கெட்டது என்று எழுதினால் அது கவிதைக்குச் சரி. உண்மையில் நன்றாகத் தூங்கினேன். விழித்திருக்கும்போதுதான் கஷ்டமாக இருந்தது. திருமழிசையிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "என் பேனாலயா போட்ட?" என்று கேட்டான். அதற்குமேல் திட்டவில்லை. "சரி மாமே. உக்காந்து அய்துகினு இருந்தா இன்னா ஆவும்? எவன் எவனுக்கு எத்தன மணிக்கு வேல முடியுதுன்னு ஒயுங்கா கேட்டு எய்து. அத மொதல்லயே எய்தியிருக்கணும் நீ" என்றான்.

இரண்டு பேரும் பெஞ்சு பெஞ்சாகப் போனோம். எங்கே வேலை, எத்தனை மணிக்கு விடுகிறார்கள், எந்த ஸ்டாப், பஸ் ஏறினால் எவ்வளவு நேரம். இரண்டு வருடம் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தும் இதில் பாதி எனக்குத் தெரியாது. பக்கத்து வரிசைக்காரன் காலையில் கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறவன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இவர்கள் எல்லோருக்காகவும் நான் "நோ சார்" சொல்லியிருக்கிறேன். நிறைய பேர், தாமதமாக வந்தாலும் எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்தார்கள். சிலர் நின்றே போயிருந்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் நோட்டு என்னிடம் வந்தபோது அப்படியே பக்கத்து நாற்காலிக்குத் தள்ளினேன். "எழுதி முடிச்சதும் படிச்சுட்டுப் போடறேன் சார்" என்றேன். யாரோ ஒருவர் செருமினார். டீ கப்பை நான் தொடவில்லை. பட்டியலை மேஜைமேல் வைத்து, போன கூட்டத்தில் நான் தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது என் தப்பு என்று சொன்னேன். பிரின்சிபல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பட்டியலைக் கடைசிப் பெயர்வரை படித்தார். கோபப்படுவார் என்று தயாராக இருந்தேன். அவர் மெதுவாக, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்போமே தம்பி" என்றார்.

அதைவிடக் கனமான அடியை நான் வாங்கியதில்லை. எதிரி என்று ஒருவர் இருந்திருந்தால் கொஞ்சம் பாரத்தை அவர் தலையில் இறக்கி வைத்திருக்கலாம். அந்த அறையில் எனக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை.

அடுத்த கல்வியாண்டிலிருந்து மறுபடியும் இரண்டே முக்கால் என்று தீர்மானம் ஆயிற்று. எழுதி முடித்ததும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். கோடு எதுவும் இழுக்கவில்லை.

செய்தியைச் சொல்ல அவளுடைய கம்பெனி வாசலுக்குப் போனேன். மத்தியான வெயில். இரண்டு மணிச் சங்கு ஊதியது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பழக்கத்தில் என் கண் ஓடி வருகிற ஒருத்தியைத் தேடியது. அவள் எல்லோருக்கும் கடைசியில், டப்பாவைக் கையில் ஆட்டிக்கொண்டு, நிதானமாக நடந்து வந்தாள். அவள் நடந்து அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"இன்னாபா பருத்திப்பட்டு, இவ்ளோ தூரம்?" என்றாள். சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "நல்லது பண்ண. வரப்போறவங்களுக்காச்சும் ஆவும்."

"நீங்களும் வாங்கக்கா. இந்த வருஷத்தைத் திரும்பப் படிச்சா போதும்."

டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "மறுபடியும் மொதல்லேர்ந்தா?" என்றாள். "ஓடிகினே இருந்தப்போ ஒண்ணும் தெரில. நின்னேன் பாரு, அப்பத்தான் கால் வலிக்கிறதே தெரிஞ்சுது. இனிமே ஓட முடியாதுபா."

அவளுடைய பஸ் வந்தது. அதற்கும் ஓடவில்லை. அது நின்றபிறகு ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள், கோபம் துளியும் இல்லாமல்.

இப்போது எனக்கு நடுவயது. ஆபீசில், குடியிருப்போர் சங்கத்தில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் என்று எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்தாயிற்று. எல்லா இடத்திலும் முதலில் டீயும் நோட்டும்தான் வருகின்றன. எழுதாத பக்கத்தை நான் தள்ளிவிடும்போது, இந்த ஆளோடு பெரிய இம்சை என்று பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பது தெரியும். எனக்கும் சலிப்பாகத்தான் இருக்கிறது. சீக்கிரம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று கை துறுதுறுக்கும். அப்போதெல்லாம் இரண்டு மணிச் சங்கு ஊதி ஓய்ந்த ஒரு தெருவில் ஓடாமல் நடந்து வருகிற அந்தக் கால்கள் கண்முன் வந்து நிற்கின்றன. மூடிய பேனாவைத் திரும்பச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, இங்கே இல்லாத யாருக்காக நான் தலையாட்டப் போகிறேன் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.