ஊக்கு அக்காவின் ஹோட்டல்

காலியான அறையின் கதவைத் தட்டுகிறார் ஊக்கு அக்கா. உள்ளே யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அங்கே தங்கியிருந்தவரைச் சற்று முன்பு அவரேதான் கைகூப்பி அனுப்பிவைத்தார். இருந்தாலும் தட்டிவிட்டு, ஒரு மூச்சு காத்திருந்துதான் நுழைவார். கேட்டால், "ஆள் இல்லன்னா என்ன? ரூமுக்குன்னு ஒரு மரியாதை இல்லையா?" என்பார்.

நகரத்தின் மிகப் பெரிய ஹோட்டலில் அறைகளைப் பராமரிக்கும் பெண்களுக்கெல்லாம் இவர்தான் தலைவி. ஆள் குள்ளம், குரல் எட்டு ஊருக்குக் கேட்கும். சட்டைக் காலரின் உட்புறம் முழுக்க ஊக்குகளைக் குத்தி வைத்திருப்பார். திரைச்சீலை கிழிந்தாலும், விருந்தினரின் பொத்தான் தெறித்தாலும் கை தானாகக் கழுத்துக்குப் போகும். விரிப்பை அவர் உதறினால் அது பந்தல் போல எழும்பி, அடங்கிப் படுக்கும். வேறு யாராவது விரித்ததில் சுருக்கம் கண்டால், "யானை புரண்டுச்சா இங்க?" என்று தாழ்வாரம் அதிரக் கேட்பார்.

ஹோட்டலின் கதையை அவர் சொல்லிக் கேட்கவேண்டும். கட்டியவர் ஒரு கப்பல் முதலாளி. கப்பல் ஏறினாலே அவருக்குக் குமட்டல். அதனால் கரையிலேயே அசையாத கப்பல் ஒன்றைக் கட்டிக்கொண்டாராம். வட்ட ஜன்னல்கள் அப்படித்தான் வந்தன. போர் வந்தபோது நடனக்கூடத்தில் கட்டில்களைப் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். "தொங்குவிளக்கைப் பார்த்துக்கிட்டே காயம் ஆறிப் போனவங்க எத்தனை பேர் தெரியுமா!" என்பார், பக்கத்தில் நின்று கட்டுப் போட்டவர் போல. அப்போது அவருடைய அம்மாவே பிறந்திருக்கவில்லை.

போருக்குப் பிறகு அந்தக் கூடம் கல்யாணக்கூடமானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அக்காவை மணப்பெண் அறையில் போட்டார்கள். கடைசி நிமிடத்தில் உடை பிரிந்து கண் கலங்கிய பெண்களுக்கெல்லாம் ஊக்கு குத்தி, "மூச்சை மட்டும் பெருசா விட்டுடாதம்மா" என்று சொல்லி மேடைக்கு அனுப்பியவர் அவர்தான்.

ஹோட்டல் பல கை மாறியது. குழாய்கள் ஒழுகின, கூரை ஒழுகியது. ஒருநாள் வாசலில் பூட்டுத் தொங்கியது. வேலை செய்தவர்கள் மூலைக்கொருவராய்ச் சிதறினார்கள். அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் விரிப்பு மாற்றப் போனார். வாங்கிய நிறுவனம் கட்டடத்தை இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் அடுக்குமாடி கட்டப்போகிறது, நகரமன்றம் திங்கட்கிழமை அனுமதி கொடுத்துவிடும் என்று செய்தி வந்தது.

அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. குழாய் ரிப்பேர் பார்க்கும் கணவர் கேட்டார். "அவ்வளவு பெரிய கட்டடத்தை நீ இடுப்புல தூக்கிட்டு வரப்போறியா?"

"தூக்க வேண்டாங்க. நிக்க விட்டாப் போதும்."

மறுநாளே கிளம்பிவிட்டார். பழைய சமையல்காரர், சலவைக்காரி, பெட்டி தூக்கியவர் என்று ஒருவர் விடாமல் பிடித்தார். காய்கறிக் கடையில் சொன்னார், பேருந்தில் சொன்னார், முடிவெட்டும் கடைக்குள் தலையை நீட்டிச் சொன்னார். "அந்த ஹால்ல கல்யாணம் பண்ணவங்க எல்லாரும் ஞாயித்துக்கிழமை காலைல கல்யாணப் போட்டோவோட வாசலுக்கு வந்துடுங்க. வந்து நில்லுங்க, அது போதும்."

ஞாயிறு காலை, பழைய சீருடையை இஸ்திரி போட்டு அணிந்துகொண்டு வாசலில் நின்றார். யாரும் வரவில்லை. தூறல் பிடித்தது. கணவர் குடை கொண்டுவந்து பிடித்தார். "வீட்டுக்குப் போலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். அக்கா வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்காமல் இருந்தது அன்றைக்கு ஒருநாள்தான் என்கிறார் கணவர்.

பிறகு தெருமுனையில் ஒரு கிழத்தம்பதி தெரிந்தார்கள். சட்டம் போட்ட படத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு ஜோடி. பேரன் பேத்தியோடு சிலர், ஒரே படத்தின் இரண்டு பிரதிகளோடு தனித்தனியாக வந்த ஒருவனும் ஒருத்தியும். "நாங்க பிரிஞ்சாச்சு அக்கா. ஆனா ஹால் மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல" என்றாள் அவள். நண்பகலுக்குள் தெரு அடைத்துவிட்டது. மழையில் நனையாதபடி படங்களை எல்லோரும் மார்போடு அணைத்திருந்தார்கள். நகரமன்ற உறுப்பினர்களில் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்து, தம் பெற்றோரைக் கூட்டத்தில் கண்டு விழித்தார்.

திங்கட்கிழமை அனுமதி கிடைக்கவில்லை. இடிக்க முடியாத கட்டடத்தை அந்த நிறுவனம் விற்றது. வாங்கிய அம்மாள் அக்காவைத் தேடி வந்து, "உங்களுக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"வேலை குடுங்க. எனக்கு மட்டும் இல்ல, என்கூட நின்னவங்க அத்தனை பேருக்கும்."

கொடுத்தார். சமையல்காரர் அடுப்புக்குத் திரும்பினார், சலவைக்காரி நீராவிக்குத் திரும்பினாள். குழாய் வேலை மொத்தமும் குடை பிடித்தவருக்கு.

திறப்பு நாளில் நானும் போயிருந்தேன். பணியாளர்கள் அதுவரை பின்வாசல் வழியாகவே போய்வந்தவர்கள். அன்று எல்லோரும் முன்வாசல் வழியாக வரவேண்டும் என்று முதலாளியம்மாள் சொல்லிவிட்டார். பித்தளைப் பிடி போட்ட சுழல்கதவு. முதல் ஆளாக அக்கா தள்ளிக்கொண்டு நுழைந்தார். கதவு சுற்றியது. உள்ளே வரவேற்புக்கூடத்தில் கைதட்டத் தொடங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. சுற்றிக்கொண்டே மறுபடி தெருப்பக்கம் வந்துவிட்டார்.

"உள்ள போடி!" என்று கத்தினார் கணவர்.

அக்கா தலையை நிமிர்த்தி, தெருவைப் பார்த்து ஒரு கையை வீசிவிட்டு, இன்னொரு சுற்றுக்குக் கதவைத் தள்ளினார்.