தொட்டிக்கு இருபத்தைந்து சொட்டு

மே பத்து, சனிக்கிழமை, பகல் இரண்டு மணி பத்து நிமிடம். காற்று துளியும் இல்லை. வெயிலில் செஞ்சிக் கோட்டைப் பாறைகளைப் பார்க்கவே கண் கூசியது. மொட்டைமாடியில், ஒரு சாண் நீளத்துக்கு வெடித்திருந்த ஃபைபர் தண்ணீர்த் தொட்டியின் முன் உட்கார்ந்திருந்தேன். தொட்டி ஒழுகினால் வீட்டைப் பூட்டிவிட்டு என்னையும் மனைவியையும் சென்னைக்கு அழைத்துப் போவதாக மகன் சொல்லியிருந்தான். மறுநாள் பகல் பதினோரு மணிக்கு வருவான். எனக்குச் செஞ்சியை விட மனமில்லை.

ரெசின் என்னும் ஒட்டுப் பிசினில் முந்நூறு கிராமும், அதை இறுக்கும் ஹார்டனரும் கொடுத்த கடைக்காரர், "ஹார்டனர் தாராளமா விடுங்க ஐயா, சீக்கிரம் புடிச்சிக்கும்" என்றிருந்தார். நூறு கிராமுக்கு அறுபது சொட்டு எண்ணி விட்டேன். நான்காம் நிமிடம் கிண்ணம் புகைந்தது. தூரிகை உள்ளேயே கல்லாகி நின்றது. எண்ணியதில் பிழையோ என்று பயந்து இன்னொரு நூறு கிராமுக்கு மறுபடி அறுபது விட்டேன். அதுவும் கல். மீதி நூறு கிராம்.

"இன்னாங்க இது, கோடையில பாலுக்கு இம்மாம் மோரா விடுவாங்க? ரெண்டு சொட்டு போதும், இல்லன்னா புளிச்சிப் போவும்" என்று என் மனைவி சிரித்தாள்.

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் விஷயம். ரெசினில் குட்டி மூலக்கூறுகள் தனித்தனியாகத் திரிகின்றன. ஹார்டனர் பட்டதும் ஒன்றையொன்று பற்றி நீண்ட சங்கிலிகளாகின்றன. சங்கிலிகள் குறுக்கே பூட்டிக்கொண்டால் கெட்டி, பிறகு உருகாது. ஒவ்வொரு பிணைப்பும் சூட்டை விடும். அந்தச் சூடு அடுத்த பிணைப்பை விரட்டும். வெளியே வெயிலும் சேர்ந்தால் கேட்பானேன்?

ஞாயிறு காலை ஐந்து இருபது, மாடித்தரை ஆறியிருந்தது. மீதி நூறு கிராமுக்கு இருபத்தைந்து சொட்டு, ஒரு சொட்டு கூடவில்லை. கண்ணாடி நார்த் துணியை வெடிப்பின் மேல் விரித்து, ரெசினைத் தடவித் தடவி நனைத்தேன். இருபத்திரண்டு நிமிடம் தடவ வந்தது. பிறகு மெல்ல இறுகியது. பத்தரைக்கு நகத்தால் கீறினேன், தடமே விழவில்லை.

மகன் வந்து மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறையும்வரை சுற்றிச் சுற்றித் தடவினான். ஒரு துளி இல்லை.

"நைனா, நீயேவா செஞ்ச?"

"நானும் உங்கம்மா மோரும்" என்றேன். அவள் கீழிருந்து, "இப்ப போறோமா, இல்லையா?" என்று குரல் கொடுத்தாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். அன்று மாலை பஸ்ஸில் சென்னைக்குத் தனியாகத்தான் திரும்பினான்.

கல்லாகிப்போன இரண்டு கிண்ணங்கள், ஒரு தூரிகை உட்பட, மொத்தச் செலவு அறுநூற்று நாற்பது ரூபாய்.