உள்ளட்டையில் இருந்த பெயர்கள்

அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அலுமாரியின் மேல்தட்டில், பழைய பாஸ்போட்டுகளுக்கு அடியில். அட்டையில் நீளச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், பின்னால் குதிரையோடு ஒருவன். நான் அதை வாசித்ததில்லை. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது.

எண்பதுகளின் நடுவில் அக்கா தன் மகளை யாழ்ப்பாணத்திலிருந்து என்னிடம் அனுப்பினாள். லண்டனில், வெம்பிளியில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. மருமகள் மூன்றே வருடத்தில் இங்கிலீஷில் கெட்டிக்காரப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஏறிவிட்டாள். அந்த வகுப்பு கோடை லீவில் ஒரு பழைய நாவலை வாசிக்க வேண்டும். செப்டம்பரில் அதைப் பற்றி எழுத வேண்டும். எழுதாவிட்டால் கீழ் வகுப்பு. அவள் அப்படித்தான் சொன்னாள். நான் நம்பவில்லை. லீவும் விட்டுவிட்டு யாராவது கதைப்புத்தகம் படிக்கச் சொல்வார்களா? வாசிக்கும்போது தனக்குள் சிரித்தாள். நான் அறைக்குள் போனால் மூடி வைத்தாள்.

ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரம் திறந்து பார்த்தேன். உள்ளட்டையில் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டினேன். கடைசியாக அவளின் பெயர். நேர் மேலே ஒரு தமிழ்ப் பொடியனின் பெயர். அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. பக்க ஓரங்களில் பென்சில் எழுத்து வேறு. அவளுடைய எழுத்தில்லை.

"இந்த வருசத்தோடை பள்ளிக்கூடத்தை நிப்பாட்டுவம்," என்றேன் மனைவியிடம். "அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

"அவள் பாவம், புத்தகமும் கையுமாய்க் கிடக்கிறாள். உங்களுக்குச் சிஐடி வேலைதான் சரி," என்றாள் அவள்.

நான் புத்தகத்தை ஒளித்தேன். மருமகள் வீடு முழுக்கத் தேடினாள்.

"மாமா, என்ரை புத்தகத்தைக் கண்டனீங்களே?"

"இல்லை."

அடுத்த நாளிலிருந்து காலையில் வெளியே போகத் தொடங்கினாள். லைப்ரரி என்றாள். எனக்குச் சந்தேகம் கூடியது. அந்த வாரம் நான் வேலை செய்த பேக்கரியில் எனக்குப் பின்னேர ஷிப்ட். ஒருநாள் காலை அவள் பின்னாலேயே போனேன்.

லைப்ரரிதான். மேசையில் அவளும் அவளின் வகுப்பு வெள்ளைக்காரப் பெட்டை ஒருத்தியும். இரண்டு தலைக்கும் ஒரே புத்தகம். அதே அட்டை. முதலில் முடித்தவள் மற்றவளுக்காகப் பக்கத்தைத் திருப்பாமல் காத்திருந்தாள். கிட்டப் போய் முன்பக்கத்தைப் புரட்டினேன். அதிலும் கோடு போட்ட தாள். ஒரு பெயர், ஒரு வருடம். அடுத்த பெயர், அடுத்த வருடம். கடைசியில் அந்தப் பெட்டையின் பெயர். பள்ளிக்கூடம் வருடா வருடம் ஒரு பிள்ளைக்கு இரவல் கொடுக்கும் புத்தகம். மருமகளின் புத்தகத்தில் இருந்த பொடியன், போன வருடம் அதை வாசித்த பிள்ளை.

மருமகள் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன மாமா, என்ரை புத்தகம் கிடைச்சிட்டுதோ?"

"இல்லை. இந்தப் பக்கம் ஒரு வேலையாய் வந்தனான்."

"வீட்டிலை கள்ளன் ஒருத்தனும் வரேல்லைத்தானே," என்றாள். பிறகு வாசித்த பக்கத்துக்குத் திரும்பிவிட்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தை நிப்பாட்டும் பேச்சை மட்டும் விட்டேன். செப்டம்பரில் அவள் எழுதினாள், அதே வகுப்பில் இருந்தாள். ஆனால் ஆசிரியை வீட்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டாள், கவனமில்லாத பிள்ளை என்று. அதை எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னவளும் அவள்தான். குரல் மாறவில்லை.

இப்போது அவளும் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அலுமாரிப் பக்கம் போனால் என் கண்ணும் கூடப் போகும். நான் ஒளித்தது அன்றைக்கே அவளுக்குத் தெரியுமோ என்று இன்னும் பிடிபடவில்லை. அவள் போன பிறகு சில நாள் புத்தகத்தை இறக்கித் திறப்பேன். பொடியனின் பெயர். கீழே அவளின் பெயர். அதற்குக் கீழே, பிறகு வந்திருக்க வேண்டிய பிள்ளைகளுக்கு ஆறு கோடுகள். ஒருவரின் பெயரும் இல்லை.