உடனடிக் காரணம்

பரராசசிங்கம் மாஸ்ரருக்கு எதையும் நடுவிலிருந்து சொல்ல வராது. யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பித்த பதினெட்டு வருடமும் பிள்ளைகளுக்கு அவர் ஓதியது ஒன்றைத்தான்: முதலில் தூரக் காரணங்கள், பிறகு கிட்டிய காரணங்கள், கடைசியில் உடனடிக் காரணம். வரிசை மாறினால் புள்ளி போச்சு.

அவருக்கு மிகப் பிடித்த பாடம் வுட்ரோ வில்சன். சுங்கவரியைக் குறைத்து, மத்திய வங்கி முறையைக் கொண்டுவந்து, ரயில் தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை என்று சட்டம் போட்ட அமெரிக்க ஜனாதிபதி. 'நாட்டைச் சண்டைக்குள் இழுக்காதவர்' என்று சொல்லியே 1916 நவம்பரில் அவருக்கு வோட்டுக் கேட்டார்கள். வென்ற மனிதர் அடுத்த ஏப்ரலில் ஜெர்மனியோடு சண்டைக்குப் போய்விட்டார். ஏன்? வணிகம், கடன், நீர்மூழ்கிக் கப்பல் என்று மாஸ்ரர் கரும்பலகையை நிரப்புவார். "பாவம், அந்தாள் என்ன செய்யிறது? காரணங்கள் இழுத்துக்கொண்டு போட்டுது" என்று வில்சனுக்காக இரங்கித்தான் பாடத்தை முடிப்பார்.

அதே ஜெர்மனியிடம் அடைக்கலம் கேட்டு 1985இல் அவரே வந்து நின்றார். பீலெஃபெல்ட் அகதி விடுதியில் ஓர் அறைக்கு நாலு கட்டில். வேலை செய்ய அனுமதியில்லை, ஊர் எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. களைப்பதற்கு வேலை வேண்டும் என்று யார் சொன்னது? சும்மா இருந்தே மனிதர் களைத்துப்போனார். அன்ராக் என்று எல்லாரும் சொல்லும் அந்த அகதி விண்ணப்பம் சரிவந்தால்தான் மனைவி கமலநாயகியை அழைக்கலாம். 'அன்ராக் என்னவாச்சு?' என்று மாதம் தவறாமல் அவளிடமிருந்து கடிதம் வரும்.

முதல் விசாரணையில், ஏன் நாட்டைவிட்டு வந்தீர் என்று அதிகாரி கேட்டார். மாஸ்ரர் 1948இல் தொடங்கினார். குடியுரிமைச் சட்டம், 56இன் மொழிச்சட்டம், 72இன் அரசியலமைப்பு, பல்கலைக்கழகத் தரப்படுத்தல்.

"உங்களுக்கு என்ன நடந்தது?" அதிகாரி இடைமறித்தார்.

"ஓம், அதுக்குத்தான் வாறன்."

வந்து சேரவில்லை, நேரம் முடிந்துவிட்டது. ஏழு மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. நாட்டு நிலைமையைச் சொன்னார், தனக்கு நேர்ந்ததைச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தார்கள். அவர்களைப் பிழை சொல்ல முடியாது.

மேன்முறையீடு செய்தார். இரண்டு வருடம் கழித்து நீதிமன்றத் தவணை கிடைத்தது. பக்கத்துக் கட்டில் நாகமுத்து, போவதற்கு முதல்நாள் புத்தி சொன்னான்.

"மாஸ்ரர், நாப்பத்தெட்டை விடுங்கோ. ஆமி வகுப்புக்க வந்து உங்களை அடிச்சவங்கள் எண்டு சொல்லுங்கோ. ஆர் போய்க் கேக்கப்போறான்? கமலநாயகி அக்காவை இஞ்ச கூப்பிட வேண்டாமே?"

"வகுப்புக்க வந்தவங்கள்தான்" என்றார் மாஸ்ரர். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

நீதிபதி ஒரு பெண். மொழிபெயர்ப்பதற்கு வத்சலா என்ற தமிழ்ப்பிள்ளை இருந்தாள். கேள்வி பழைய கேள்விதான்: உங்களுக்கு என்ன நடந்தது? நாப்பத்தெட்டு நுனி நாக்குவரை வந்தது. ஆனால் அதைச் சுமந்து சுமந்து மாஸ்ரர் அலுத்துப்போயிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக உடனடிக் காரணத்திலிருந்து தொடங்கினார்.

"வில்சன் பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆமி வந்து, புவனேந்திரன் ஆர் எண்டு கேட்டவங்கள். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. பிறகு மேசையில கிடந்த இடாப்பைத் தூக்கித் தந்து, பேரை வாசி எண்டு எனக்குச் சொன்னவங்கள்."

இடாப்பில், அந்த வரவுப் பதிவேட்டில், முப்பத்தொரு பெயர். பத்தொன்பதாவது அவன். இடாப்பு தமிழில் இருந்தது. வந்தவர்களில் ஒருவனுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒரு பெயரைத் தாண்டிப் போயிருந்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் பதினெட்டு வருடம் வரிசை மாற்றாத வாய் அன்றைக்கும் மாற்றவில்லை. அவனும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, "பிரசென்ற் சேர்" என்றான்.

"அவனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள். அவன் திரும்பி வரேல்லை."

காரணங்கள் இழுத்ததென்னவோ உண்மைதான். ஆனால் வாசித்த வாய் அவருடையது. வில்சன் சண்டைக்குக் கையெழுத்துப் போட்ட கையும் வில்சனுடையதுதானே. இதை ஒரு நாளும் கரும்பலகையில் எழுதாமல் விட்டோமே என்று அங்கே நிற்கும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது.

உங்களை அடித்தார்களா, பிறகு தேடி வந்தார்களா என்று நீதிபதி கேட்டார். நாகமுத்து சொல்லிக்கொடுத்த வசனம் தயாராக இருந்தது. கமலநாயகியின் கடைசிக் கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

"இல்லை. எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. போகேக்க எனக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போனவங்கள்."

வத்சலா மேசையைப் பார்த்தபடி மெல்லிய குரலில் ஜெர்மனில் சொன்னாள். நீதிபதி எழுதிக்கொண்டார்.

ஒரு மாதத்தில் தீர்ப்பு வந்தது. மறுப்பு. திருப்பி அனுப்பமாட்டார்கள், தற்காலிகமாக இருக்க விடுவார்கள். மனைவியை அழைக்க ஏலாது. நாகமுத்து தலையில் அடித்துக்கொண்டான். மாஸ்ரர் கமலநாயகிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். வழக்கமாக நாலு பக்கம் எழுதுகிறவர் இரண்டு வரியில் முடித்தார்.

'அன்ராக் சரிவரவில்லை. புவனேந்திரனின் பெயரை நான்தான் வாசித்தேன்.'

காரணம் ஒன்றும் எழுதவில்லை.